ஏழாவது கிராஸ் குழியும் என் பரிசலும்

தலைவனாகிவிடுவது என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. பெரிய முடிவுகளை நான் பாத்ரூமில்தான் எடுப்பது. எங்கள் வீட்டில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள எனக்கு உரிமையுள்ள ஒரே இடம் அது.

என் பெயர் கிளிஃபர்ட். பிரேசர் டவுன், ஏழாவது கிராஸ், அதாவது ஏழாவது குறுக்குத் தெரு. பந்தல், மேடை, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். கட்சியில் வார்டு இணைச் செயலாளர். பதினோரு வருஷமாக இணைந்தே இருக்கிறேன், செயலாளர் ஆனபாடில்லை. கட்சிக் கூட்டம் எதுவும் என் நாற்காலி இல்லாமல் நடந்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் எனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததும் இல்லை.

இப்போது மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது. வரும் வரும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, இந்த முறை வந்தே விடும் போலிருக்கிறது. எங்கள் வார்டில் யாருக்கு சீட் என்று முடிவு செய்ய, மேலிடப் பார்வையாளர் ஹரிஷ்குமார் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார். போட்டியில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் எட்டாவது கிராஸ் க்ளென்.

க்ளென் லேசுப்பட்டவன் இல்லை. போன மாதம் தெருவிளக்கு எரியவில்லை என்று பட்டப்பகலில் தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போனான். தீப்பந்தம் எரிந்தது. க்ளெனின் முன்முடியும் கொஞ்சம் எரிந்தது. விளக்கு மட்டும் இன்றுவரை எரியவில்லை. அதனால் என்ன, போட்டோ நாலு பேப்பரில் வந்துவிட்டதே!

எனக்கு ஒரு போட்டோ வேண்டும். ஒரே ஒரு போட்டோ. அப்போதுதான் கடவுள் எனக்குக் குழியைக் காட்டினார்.

குழி எங்கள் தெருவிலேயே இருந்தது. நாலு மாதத்துக்கு முன் குழாய் போட என்று யாரோ தோண்டினார்கள். குழாய் வரவில்லை. மழை வந்தது. பன்னிரண்டடி நீளம், தெருவின் முழு அகலம், தொடையளவு தண்ணீர். ஓரமாக இரண்டு பலகை போட்டு ஜனங்கள் நடந்தார்கள். தெருவின் மறுமுனை முட்டுச்சுவர், அதனால் வண்டி எதுவும் உள்ளே வர வழியில்லை. நாலு மாதமாகத் தினமும் அதைத் தாண்டிப் போனவனுக்கு அன்றைக்குத்தான் அதன் அழகு தெரிந்தது.

"லீனா, ஞாயித்துக்கிழமை நான் பரிசல் விடப்போறேன்" என்றேன்.

லீனா, என் மனைவி, கையிலிருந்த ஐஸ் டப்பாவைக் கீழே வைத்தாள். அவள் லேப் டெக்னீஷியன். காலை ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் கிளம்பி, வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. வார்டில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யார் மாத்திரை போடாமலே போட்டதாகப் புளுகுகிறார்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினெட்டு வருஷமாக ஊசி குத்துகிறாள். இதுவரை யாரும் அழுததில்லை, என்னைத் தவிர.

"எங்க? ஒகேனக்கல்லயா?"

"நம்ம தெருவுல."

"தெருவுல ஏதுங்க தண்ணி?"

"குழியில இருக்கே!"

மோசமான ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் குழியை யாராவது மூட மாட்டாங்களான்னு தெருவே தவிக்குது. நீங்க அதுல படகு விடறீங்களா?"

"படகு இல்ல, பரிசல். இது போராட்டம். ஜிப்பா போட்டுக்கிட்டு, கையில துடுப்போட, 'குடிக்கத் தண்ணி கேட்டோம், குழியில் கொடுத்தாய்!'னு கோஷம் போடுவேன். பார்வையாளர் பதினோரு மணிக்கு வந்து இறங்கறாரு. நேரா குழி, குழியில நான். எப்படி?"

"தெருக்கோடி சின்னத்தாயம்மாவுக்கு புதனும் சனியும் டயாலிசிஸ். ஆட்டோ உள்ள வரமாட்டேங்குது. நாலு பேர் அவங்களை நாற்காலியில உக்கார வச்சு, பலகை மேல தூக்கிட்டுப் போறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? அது என் நாற்காலிதான்."

லீனா ஐஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மனுஷன் அப்படி நினைக்கிறான் என்றால் அவனுக்கு எதுவும் நடக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் வெங்கி ஓடி வந்தான். 'வெங்கி நியூஸ்' என்று யூடியூப் சேனல் நடத்துகிறவன். கேமராமேன், நிருபர், செய்தி வாசிப்பாளர் எல்லாம் அவன் ஒருவனே.

"அண்ணா, மோசம் போயிட்டோம்!"

"என்ன, க்ளென் நம்ம குழியில குதிச்சிட்டானா?"

"அதைவிட மோசம்ணா. குழியை மூடப்போறாங்க."

அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"யாரு பண்ற சதி?"

"சதி இல்லண்ணா, கவர்மென்ட்டு. இன்ஜினீயர் ஆபீஸ்ல ஆர்டர் போட்டாச்சாம். ஜல்லி எந்த நிமிஷமும் வந்து எறங்கலாம்."

நாலு மாதமாக மூடாத குழி. தெருவே கெஞ்சியும் மூடாத குழி. சரியாக எனக்குத் தேவைப்படுகிற வாரத்தில் மூடப்போகிறார்களாம். இந்த ஊரில் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? பரிசலுக்கு வேறு சொல்லியாகிவிட்டது. ஒகேனக்கல்லிலிருந்து ஓசூர், ஆனேக்கல் வழியாக மினி லாரியில் சனிக்கிழமை வந்து சேரும். குழி இல்லாமல் பரிசலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கவிழ்த்துப் போட்டுத் தோசையா சுட முடியும்?

இன்ஜினீயர் சுதீருக்குப் போன் போட்டேன்.

"சார், ஏழாவது கிராஸ் குழி விஷயமா ஒரு ரிக்வெஸ்ட்..."

"எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுங்க சார். கன்னடத்துல. கையெழுத்து, சீல், டேட். வாய்ல சொல்றது ஃபைல்ல நிக்காது" என்று வைத்துவிட்டார்.

இங்கேதான் என் வாழ்க்கையின் ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். கன்னடம் பேசச் சொன்னால் நான் மேடையே அதிரப் பேசுவேன். கோலார் தங்கவயலில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து, பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் பிடித்த கன்னடம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்தைக் காட்டினால் தீர்ந்தது. எல்லாம் ஒரே தட்டில் அடுக்கிய ஜிலேபி மாதிரிதான் தெரியும். முப்பது வருஷமாக பஸ் போர்டைக்கூட நம்பரைப் பார்த்துத்தான் ஏறுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் கதை இதுதான், வெளியே சொல்வதில்லை.

லீனா இதே ஊரில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது முத்து முத்தான ஜிலேபி.

"லீனா, ஒரு லெட்டர் எழுதணும்."

அவள் உடனே பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். கேட்டவுடன் வந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

"பொதுமக்கள் நலன் கருதி..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதிட்டேன்."

"ஏழாவது கிராஸ் குழியை..."

"ம்."

"திங்கட்கிழமை வரை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது."

பேனா ஒரு நொடி நின்றது. "'எக்காரணம் கொண்டும்' வேணுமா?"

"வேணும். நல்லா அழுத்தமா இருக்கணும்."

"சரிங்க. அழுத்தமாவே எழுதறேன்."

நான் ஏமாளி இல்லை. "எங்க, படிச்சுக் காட்டு, கன்னடத்துலயே படி" என்றேன். தடங்கல் இல்லாமல் படித்தாள். நான் சொன்னது சொன்னபடி இருந்தது, 'எக்காரணம் கொண்டும்' உட்பட. பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். கட்சி சீலை இரண்டு முறை குத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை நானே ஆபீசுக்குப் போய்க் கொடுத்தேன். சுதீர் வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து நின்றார்.

"சார், நீங்க முதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு லெட்டரைப் பாத்ததில்ல. ஒள்ளே கெலசா சார், நல்ல காரியம் பண்றீங்க."

"எல்லாம் மக்களுக்காகத்தான்" என்றேன் அடக்கமாக.

"நான் பாத்துக்கறேன். நீங்க கேட்டபடியே, ஒரு நிமிஷம் பிசகாது."

ஒரு குழியை மூடாதே என்றதற்கு இவ்வளவு மரியாதையா! அதிகாரிகளுக்கு வேலை சொன்னால்தான் பிடிக்காது, வேலை செய்யாதே என்றால் காலிலேயே விழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பரிசல் வந்து இறங்கியது. வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தோம். பத்து நிமிஷத்தில் லீனா அதன்மேல் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. லெட்டர் கொடுத்தாயிற்று, சரி. க்ளென் ஆள் வைத்து ஒரு டிராக்டர் மண்ணைக் கொட்டிவிட்டால்? தண்ணீர் வற்றிவிட்டால்? ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு பிளாஸ்க். குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏற ஏறத் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு ஓடி இரண்டு பக்கெட் கொண்டுவந்து ஊற்றினேன்.

மாடி ஜன்னலிலிருந்து லீனாவின் குரல். "குடிக்கற தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. குழிக்கு ஊத்தறீங்களா?"

"அரசியல்ல முதலீடுன்னு ஒண்ணு இருக்கு லீனா!"

"துணி துவைக்க வச்சிருந்த முதலீடு அது. கொண்டாந்து வையுங்க."

அந்த நேரம் பார்த்து க்ளென் பைக்கில் வந்து, குழிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தான்.

"என்னண்ணா, குழிக்குக் காவலா?"

"இல்லப்பா. சும்மா காத்து வாங்கறேன்."

"பக்கெட்லயா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை.

பதினோரு மணிக்கு சின்னத்தாயம்மாவைத் தூக்கி வந்தார்கள். எழுபது வயது. தங்கவயலில் சுரங்கம் மூடியபிறகு மகனோடு இங்கே வந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. தெருமுனையில் ஆட்டோ காத்திருந்தது. நாற்காலியை முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பிடித்துப் பலகைமேல் ஏறினார்கள். பாதி தூரத்தில் ஒரு பலகை வழுக்கியது. நாற்காலி சரிந்தது. அம்மாவின் புடவைத் தலைப்பு தண்ணீரில் விழுந்தது. நான் பாய்ந்து நாற்காலியைப் பிடித்தேன்.

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எலும்பு மட்டுமே இருந்த கை. "கிளிஃபர்டு, என்னைத் தண்ணியில போட்டுடாதப்பா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. காலையில் ஊற்றிய இரண்டு பக்கெட்டும் என் கண் முன்னால் மிதந்தன. ஒரே ஒரு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவுன்சிலரானதும் முதல் வேலை இந்தக் குழிதான்.

பின்னால் மருந்துப் பையோடு லீனா நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. இப்படிப் பார்த்தால்தான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு குழிக்குக் கிளம்பினேன். லீனா பட்டுப் புடவையில் வாசலில் நின்றாள்.

"கோயிலுக்குக் கிளம்புங்க. ஏழரைக்கு ஆராதனை."

"இன்னிக்கா? குழியை யாரு பாத்துக்கறது?"

"அதை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்? வெங்கியை உக்கார வையுங்க. ஆறு மாசமா நீங்க கோயில் பக்கமே வரலை. பாஸ்டர் இன்னிக்கு உங்களுக்காக விசேஷ ஜெபம் பண்றாராம். முந்நூறு குடும்பம் வரும். முந்நூறு குடும்பத்துல எத்தனை ஓட்டு?"

கணக்குப் போட்டேன். ஜிப்பாவோடு கோயிலுக்கு நடந்தேன்.

வாசலில் என் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆராதனையில் போன் அடித்தால் பாஸ்டருக்குப் பிடிக்காது. பாட்டு முடிந்தது. பிரசங்கம் ஆரம்பித்தது. எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. பாஸ்டர் முடிக்கிற மாதிரி குரலை இறக்குவார், மறுபடி ஏற்றுவார். ஒன்பதே முக்காலுக்கு என்னை முன்னால் அழைத்து முழங்கால் போடச் சொன்னார்.

"ஆண்டவரே, எங்கள் சகோதரன் கிளிஃபர்ட் தன் தெருவின் பாரத்தைத் தானே சுமக்க முன்வந்திருக்கிறார்..."

எங்கோ டர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது.

"லீனா, என்ன சத்தம் அது?" என்று கிசுகிசுத்தேன்.

"கண்ணை மூடுங்க. ஜெபத்துல கண்ணைத் தொறக்கக்கூடாது."

"ரோலர் மாதிரி இருக்கு லீனா!"

"உங்க மனசு உருளுது. அமைதியா இருங்க."

பாஸ்டர் என் தலையில் கை வைத்து அழுத்தினார். எழுந்திருக்கவும் முடியவில்லை. என் குடும்பம், என் தொழில், என் தாழ்மை ஒவ்வொன்றுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார். என்னிடம் இல்லாத நல்ல குணங்களுக்காகவும் நன்றி சொன்னார். டர்ர்ர் ஒரு முறை வரும், போகும், மறுபடி வரும். முதுகில் வேர்வை ஊற்றியது. ஜனங்கள் அதை பக்தி என்று நினைத்தார்கள்.

'ஆமென்' சொன்னபோது மணி பத்து இருபது. நான் ஓடினேன். ஜிப்பா காலைத் தட்ட, செருப்பு ஒன்று கழல, ஏழாவது கிராஸ் முனையில் திரும்பினேன்.

குழியைக் காணோம்.

குழி இருந்த இடத்தில் கறுப்பாக, வழவழவென்று, ஆவி பறக்க ஒரு தெரு இருந்தது. அதன் ஓரத்தில் ரோலர் நின்றது. சுவரோரம் பரிசல் நின்றது. நடுவில் ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. உள்ளே சின்னத்தாயம்மா. அன்றைக்கு டயாலிசிஸ் இல்லை. சும்மா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்ப் பார்க்கிறாராம். இது மூணாவது ரவுண்டாம்.

"வெங்கி!" என்று கத்தினேன்.

"அண்ணா!" என்று அவன் பூரிப்போடு ஓடிவந்தான். "சொல்லவே இல்லையேண்ணா! லாரி வந்ததும் மறிச்சு நின்னேன். லெட்டரைக் காட்டினாங்க. உங்க கையெழுத்து, பச்சை மை, ரெண்டு சீல். நானே ஓரமா நின்னு வழி விட்டேன்."

"என்ன லெட்டர்?"

"'ஞாயித்துக்கிழமை காலையில தெரு முழுக்கக் கோயில்ல இருக்கும், வண்டி வராது. ஏழரையிலேர்ந்து பத்தரைக்குள்ள எக்காரணம் கொண்டும் குழியை மூடிடணும்'னு எழுதியிருக்கீங்களேண்ணா. என்ன அழுத்தம்!"

திரும்பிப் பார்த்தேன். என் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லீனா நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வாயால் படித்தது ஒன்று, கையால் எழுதியது ஒன்று.

மணி பத்து நாற்பது. இருபது நிமிஷம் இருந்தது.

"வெங்கி, வேற குழி! பக்கத்துல வேற குழி ஏதாவது இருக்கா?"

"எட்டாவது கிராஸ்ல ஒண்ணு இருக்குண்ணா. நம்மதைவிடப் பெருசு. ஆனா அது க்ளென் அண்ணனோடது. நேத்து சாயங்காலமே ரிப்பன் கட்டிட்டாரு. நாத்து நடப்போறாராம்."

"ஒன்பதாவது கிராஸ்?"

"சின்னது. அதுல உங்க பரிசல் இறங்காது. நீங்க மட்டும் வேணா இறங்கலாம்."

அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. யாரோ மாலையைப் போட்டார்கள். யாரோ "கிளிஃபர்ட் அண்ணா வாழ்க!" என்றார்கள். சின்னத்தாயம்மா ஆட்டோவை நிறுத்தி என் கன்னத்தைத் தடவினார். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. அழுகை முட்டியது, சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை. அப்போது வெள்ளை நிறக் கார் வந்து, குலுங்காமல், நேராக என் காலடியில் நின்றது.

ஹரிஷ்குமார் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். பரிசலைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"குழிப் போராட்டம்னு போட்டிருக்கு. குழி எங்க?"

தெருவே என்னைப் பார்த்தது. இப்போது இரண்டே வழி. 'எனக்குத் தெரியாமல் மூடிவிட்டார்கள்' என்று சொல்லலாம். உண்மை அதுதான். ஆனால் கன்னத்தில் சின்னத்தாயம்மாவின் கைச்சூடு இன்னும் இருந்தது. கழுத்தில் மாலை வேறு.

"மூடிட்டோம் சார்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "நான்தான் லெட்டர் கொடுத்தேன்."

கைதட்டல். ஹரிஷ்குமார் மட்டும் தட்டவில்லை. என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"ஏன் மூடினீங்க?"

"ஜனங்க விழறாங்களே சார்."

"விழுந்தாத்தானே நாம தூக்கிவிட முடியும்?"

"அது... வந்து..."

"தேர்தலுக்கு மூணு மாசம் இருக்கு. இப்பவே குழியை மூடிட்டா எதைக் காட்டி ஓட்டுக் கேக்கறது? தாரைக் காட்டியா? ரெண்டு மழையில தாரை மறந்துடுவாங்க. குழியை யாராவது மறப்பாங்களா?" பெருமூச்சு விட்டார். "உங்களைப் பத்தி நல்லாச் சொன்னாங்க. பொறுப்பில்லாம இருக்கீங்களே. எட்டாவது கிராஸ் எந்தப் பக்கம்?"

நானே கையை நீட்டிக் காட்டினேன். கார் வழவழப்பான தெருவில் சத்தமில்லாமல் போய்விட்டது. வெங்கியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். பதினொன்றரைக்கு அவன் சேனலில் க்ளென் முழங்கால் சேற்றில் நாற்றோடு நின்றான், பக்கத்தில் ஹரிஷ்குமார் ஒரு நாற்றைப் பிடித்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு சீட் க்ளெனுக்கு என்று செய்தி வந்தது.

வீட்டில் நான் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"கோவமா?" என்றாள் லீனா.

"பதினோரு வருஷம் லீனா. ஒரே லெட்டர்ல முடிச்சிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. சின்னத்தாயம்மாவுக்கு டயாலிசிஸ்னு. நீங்க நாற்காலி உங்களோடதுன்னீங்க."

நான் சுவர்ப் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டேன்.

"அவங்க உங்க கையைப் பிடிச்சப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுவரைக்கும் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, தப்புப் பண்ணிட்டமோன்னு. அப்புறம் இல்ல. எழுந்து வாங்க, குழம்பு ஆறிடும்."

எழுந்து போனேன். நல்ல குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். கட்சி போனால் போகட்டும், ஏழாவது கிராஸில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பிலேயே நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசல் முழுக்க ஜனம். முன்னால் சின்னத்தாயம்மா, மகன் தோளைப் பிடித்தபடி. பின்னால் ஏழாவது கிராஸ் மொத்தமும், ஆறாவது கிராஸில் பாதியும். எட்டாவது கிராஸிலிருந்துகூட நாலு பேர், கால் நிறையச் சேற்றோடு.

எல்லாரையும் உள்ளே உட்கார வைத்தேன். இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். லீனா சமையலறையில் டீ போட்டாள்.

சின்னத்தாயம்மாவின் மகன் தொண்டையைக் கனைத்தான். "அண்ணா, நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு பண்ணியிருக்கோம். கட்சியெல்லாம் வேணாம். சுயேச்சையா நம்ம ஆளு ஒருத்தரையே நிறுத்தறதுன்னு. அதுக்குத்தான் உங்களைப் பாக்க வந்தோம்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்குப் பதவி ஆசையே கிடையாது. இன்னிக்குக் காலையில அதை விட்டுட்டேன். ஆனா நீங்க இவ்வளவு பேர் வீடு தேடி வந்து கேக்கும்போது நான் மறுத்தா அது மரியாதை இல்ல. உங்க அன்புக்காக... சரி. நான் நிக்கறேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னத்தாயம்மா என் ஜிப்பாவைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தார்.

"நீ உக்காருப்பா. அந்த லெட்டர் யாரு எழுத்துன்னு எங்களுக்குத் தெரியாதா? நிக்கப்போறது லீனா. வார்டு பூரா கேட்டு முடிச்சாச்சு, சந்தேகமா இருக்கற ஒரே ஓட்டு உன்னோடதுதானாம், அதைக் கேக்கத்தான் வந்தோம்."